இது யாரைக் காட்டுகிறது

எழுதுவது என் வேலையில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிறவள் நான். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு இரண்டொரு வரிக் கடிதங்கள், அவ்வளவுதான். இப்படிப்பட்டவள் ஒருவரைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கம் என்று தெரியும். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய மன்னிப்பை, யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரிடம் கேட்க வேண்டும். இந்தத் தாளை அவர் பார்த்தால், முதல் வரியிலேயே விரலை வைத்து, எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்பார். “இது யாரைக் காட்டுகிறது?”

ஆகவே அவருடைய பெயரை எழுத மாட்டேன். வயது, நிறம், உயரம் ஒன்றும் எழுத மாட்டேன். மொன்றியல் என்று எழுதலாம், பெரிய ஊர். அதில் கோட்-டெ-நெய்ஜ் பகுதி என்றும் எழுதலாம், ஏனென்றால் நான் இப்போது அங்கே இல்லை. சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று சொல்ல மாட்டேன். அப்படி மாற்றுவதை அவரிடமிருந்துதான் பழகினேன்.

எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் கணினி வேலை செய்கிற ஒருவர் இருந்தார். என்னைவிட இளையவர், நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். தம்பிக்கு ஓர் ஆசை. பிரெஞ்சு தெரியாத எங்கள் பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தும் வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்தும் கடிதங்கள் வரும். அவற்றை ஃபோனால் படம் பிடித்தால், தமிழில் வாசித்துச் சொல்கிற ஒரு செயலியைச் செய்ய வேண்டும். அதுவும் எங்கள் ஆட்களின் குரலில். கோவிலில் வாசகம் வாசிக்கிற என்னைப் பிடித்தார். சொந்தமாக நாலு சொல் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதி வைத்ததை வாசிப்பதென்றால் பயமில்லை, அது என் பேச்சு இல்லையே. கார்ட்டியர்வில் பக்கம் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் வாசித்தார். அவரை மாஸ்டர் என்போம். முழங்கால் வருத்தம் என்று அவர் எங்கள் கூட்டங்களுக்கு வருவதில்லை. வீட்டிலிருந்தே பதிந்து அனுப்புவார். நானும் வீட்டில்தான் பதிந்தேன், குளிர் அங்கிகள் தொங்குகிற அலுமாரிக்குள் நின்றுகொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு.

செயலியை விற்பதில்லை என்று தம்பி முடிவு செய்தார். உள்ளே இருப்பது முழுவதையும், எங்கள் குரல்களையும் சேர்த்து, பொதுவில் வைத்துவிடுவது. யாரும் எடுக்கலாம், பிரித்துப் பார்க்கலாம், இன்னும் நல்லதாகச் செய்யலாம். அப்படி வெளியே விடும் முன், பிறர் கையில் சிக்கக்கூடாத ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று ஒருவர் பார்க்க வேண்டும். அதற்குத்தான், நான் பெயர் எழுத மாட்டேன் என்ற அவர் வந்தார். கிழமை நாட்களில் ஒரு கம்பனியில் அதே வேலை செய்கிறார் என்று மட்டும் தெரியும். அவரை யார் கூட்டிவந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் தம்பிக்குத் தெரிந்தவர் என்று நான் நினைத்தேன். தம்பியோ, அவர் எனக்குத் தெரிந்தவர் என்று நினைத்திருந்தார்.

சனிக்கிழமைகளில் கோவிலின் கீழறையில் கூடுவோம். அவர் சுவரோடு முதுகை வைத்து, கதவைப் பார்த்துக்கொண்டுதான் உட்காருவார். தம்பி படம் எடுக்கக் கையை உயர்த்தினால், “கொடுங்கள், நான் எடுக்கிறேன்” என்று ஃபோனை வாங்கிக்கொள்வார். அதனால் எங்கள் எல்லாப் படங்களையும் எடுத்தவர் அவர், ஒன்றிலும் அவர் இல்லை. கோப்பி வாங்கப் போனால், கோப்பையில் எழுதப் பெயர் கேட்பார்கள் அல்லவா? வரிசையில் தனக்கு முன்னால் நின்றவரின் பெயரைச் சொல்லிவிடுவார். ஒரு நாள் சோஃபி, இன்னொரு நாள் மொகமட். மொகமட் என்று கூப்பிட்டபோது எழுந்து போய், சிரிக்காமல் வாங்கிக்கொண்டு வந்தார். நான்தான் சிரித்தேன்.

இவற்றையெல்லாம் விட எனக்கு விசித்திரமாக இருந்தது அவருடைய தமிழ். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி, “நீங்கள் எந்த ஊர்?” வாய் திறந்து நாலு சொல் பேசினால், கேட்காமலே பாதி தெரிந்துவிடும். அவர் பேசினால் ஒன்றும் தெரியாது. “போகிறேன்”, “இருக்கிறது”, “சொல்லுங்கள்” என்று, வானொலிச் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசுவார். தோடம்பழத்தை ஆரஞ்சு என்பார். என்னை அக்கா என்றோ தங்கச்சி என்றோ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. துணியைத் தோய்த்துத் தோய்த்துச் சாயம் போக்கின மாதிரி, தன் பேச்சிலிருந்து ஊரைப் போக்கியிருந்தார். கேட்டுக்கொண்டிருந்தால் சில நேரம், எதிரில் ஆள் இல்லாத மாதிரி இருக்கும்.

“வேண்டாம்” என்ற சொல்லும் அவரிடம் வேறு மாதிரி. எங்கள் வீடுகளில் ஒருவர் வேண்டாம் என்றால் இன்னொரு தரம் கேட்க வேண்டும், மூன்றாம் தரம் கையில் கொடுத்துவிட வேண்டும். அவர் தேத்தண்ணி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாங்கள் நம்பாமல் ஒவ்வொரு சனியும் ஊற்றி வைப்போம். ஒவ்வொரு சனியும் அது ஆறி ஆடை படிந்து கிடக்கும்.

எண்களையும் முகவரிகளையும் தானாகத் தேடிப் பிடிக்கிற ஒரு மென்பொருள் அவரிடம் இருந்தது. அது ஒன்றுமில்லை என்று பச்சை காட்டிய பிறகுதான் தன் வேலை தொடங்குகிறது என்பார். செயலியைச் சோதித்துப் பார்க்கத் தம்பி உண்மையான கடிதங்கள் சிலவற்றை உள்ளே போட்டு வைத்திருந்தார். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டதாகச் சொன்னார். பெயர்கள் மாறித்தான் இருந்தன. முன்னெழுத்துகள் அப்படியே இருந்தன.

“மகனை ஒளித்துவிட்டு அப்பாவை வாசலில் நிறுத்தியிருக்கிறீர்கள்” என்றார் அவர்.

தம்பி சிரித்தார். “ஒரு எழுத்துத்தானே. வெள்ளைக்காரனுக்கு அதில என்ன விளங்கப்போகுது?”

“தேடுகிறவர் வெள்ளைக்காரராக இருக்க மாட்டார்.”

தம்பியின் சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு எங்கள் குரல்களைக் கேட்கத் தொடங்கினார். ஹெட்ஃபோனை மாட்டி, கண்ணை மூடி, ஒரு விரலை மேசைக்கு மேல் தூக்கி வைத்திருப்பார். ஏதாவது அகப்பட்டால் விரல் இறங்கும். முதல் நாளே என்னைப் பார்த்து, “நீங்கள் கோவிலில் வாசிக்கிறவர்” என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும், ஆண்டவரின் அருள்வாக்கு என்று சொல்லப்போகிற மாதிரி ஒரு மூச்சு விடுகிறீர்கள்.” எனக்கு முகம் சூடாகிவிட்டது. மின்சாரம் துண்டிக்கப்படும் என்ற அறிவித்தலையும் நான் அப்படித்தான் வாசித்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. என் பதிவு ஒன்றில், சுவருக்கு அந்தப் பக்கம் மனைவி “இஞ்சேருங்கோ” என்கிறார், புருஷன் “ஓம்” என்கிறார். நான் கவனிக்கவே இல்லை. அவர் அதை வெட்டினார்.

“பேர் ஒண்டும் இல்லையே” என்றேன்.

“அந்தக் கூப்பிடுகுரலை அறிந்த ஒருவருக்குப் பெயர் எதற்கு?” என்றார். பிறகு, “உங்கள் குரலும் உங்களுடையதுதான். வெளியே போகும் வரை, வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், எடுத்துவிட வேண்டும். அதை மறக்காதீர்கள்” என்றார். தம்பியும் பக்கத்தில்தான் இருந்தார்.

ஒரே ஒரு தரம் அவருடைய வாய் தவறியது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவரிடம், வழக்கம்போலத் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டேன். எங்கேயோ இருந்தபடி, “மறுகா” என்றார்.

பிறகு என்பதற்கு யாழ்ப்பாணத்தில் பேந்து என்போம். மறுகா என்பது கிழக்கில், மட்டக்களப்புப் பக்கத்தில் சொல்வது. அந்தச் சொல்லை இங்கே எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். அவர் சொன்னது உண்மையில் வேறு சொல்லாகவும் இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணைத் திறந்தார். முகத்தில் இரத்தமில்லை. “பிறகு” என்றார். “பிறகு என்றுதான் சொன்னேன்.”

நான் “ஓம்” என்றேன். தம்பி அப்போது மேலே போயிருந்தார்.

மாசி மாதத்தில் ஒரு சனி எனக்குத் தடிமனும் இருமலும், போகவில்லை. பின்னேரம் கதவு தட்டுப்பட்டது. திறந்தால் அவர் நிற்கிறார், தோளெல்லாம் பனி. என் முகவரியை நான் அவருக்குக் கொடுத்ததில்லை. தம்பிக்கே என் வீடு தெரியாது.

“எப்பிடி வந்தனீங்கள்?” என்று கேட்டேன்.

“உங்கள் வாக்கியங்களிலிருந்து வந்தேன்.”

சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து சமையலறையில் உட்கார்ந்து, ஒரு சமையல் குறிப்பைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். பனி அள்ளும் முன் கார்களை எடுக்கச் சொல்லி ஊளையிட்டு வருகிற வண்டியின் சத்தம் என் பதிவுகளில் இருந்ததாம். அது எந்தக் கிழமையில் எந்தத் தெருவில் வந்தது என்பது தெருப் பலகைகளில் இருந்ததாம். அந்தத் தெருக்களில் எதில் கீழே ஒரு டெபனூர், மூலைக்கடை, இருக்கிறது, அதன் கதவு திறக்கும்போது பதிவில் கேட்ட மாதிரி மணி இரட்டையாக அடிக்கிறது என்று நடந்து பார்த்தாராம். மின்தூக்கி மாடியின் எண்ணைப் பிரெஞ்சில் சொல்வது என் பதிவுகளில் கேட்டதாம்.

“மாடி சரி. கதவு?” என்றேன்.

“உங்கள் குளிர்சாதனப் பெட்டி இரைந்து ஓய்ந்த பிறகு ஒரு தரம் விக்கும். ஒவ்வொரு கதவிலும் காதை வைத்து நின்றேன்.”

அந்த நேரம் பார்த்து அது இரைவதை நிறுத்தியது. நாங்கள் இருவரும் அதன் பக்கம் திரும்பினோம். அது விக்கியது.

“இதையெல்லாம் வெட்டிவிட்டேன். சரியாக வெட்டினேனா என்று தெரிய, முதலில் வெட்டாததைக் கேட்டு வந்து பார்க்க வேண்டியிருந்தது” என்றார். “எனக்கு வர முடிந்தால்...” முடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் தன் கதையைச் சொன்னார். எங்கள் மரண அறிவித்தல்களைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், எல்லோர் பெயரும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அவரவர் வாழும் இடம் இருக்கும். ஒருவரை விட்டாலும் வருஷக்கணக்காகக் கதை இருக்கும். அவருடைய தாய் இறந்தபோது, தன் பெயர் வேண்டாம் என்று சகோதரங்களுக்குச் சொல்லியிருக்கிறார். துக்கத்தில் சொல்கிறார் என்று அவர்கள் நினைத்து, பெயரையும் போட்டு, அவர் அப்போது இருந்த நகரத்தையும் போட்டுவிட்டார்கள்.

“பனி கரைவதற்குள் அவர் வந்துவிட்டார்” என்றார்.

“ஆர்?”

“அதைச் சொன்னால் நான் யார் என்று சொன்னதாகிவிடும். என்னைத் தேடுகிற ஒருவர்.”

“அடிச்சவரோ?”

“இல்லை. தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றார். கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழம். நான் வேலைக்குப் போகும்போது நிற்பார், வரும்போதும் நிற்பார்.”

“பொலிசுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னேன். வந்தார்கள். அவர்களுக்கும் பழம் கொடுத்தார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும்.” மேசையில் இல்லாத ஏதோ ஒன்றைப் பார்த்துக்கொண்டு இருந்தார். “பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன். பூட்டிய கதவு பூட்டியபடி இருந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு. தட்டில் ஓர் ஆரஞ்சு, உரித்து, சுளை சுளையாகப் பிரித்து, வட்டமாக அடுக்கியிருந்தது. அன்றைக்கே வெளியேறினேன்.”

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

மாஸ்டரின் கடைசிப் பதிவுகள் பனி கரையத் தொடங்கிய நாட்களில் வந்தன. செயலியை வெளியிடும் நாளைத் தம்பி குறித்துவிட்டார். ஞாயிறு பூசைக்குப் பிறகு கோவில் மண்டபத்தில் ஒரு சின்ன விழா. மாஸ்டரையும் வீட்டு ஆட்களோடு வரச் சொல்லியாயிற்று. அந்தச் சனி அவர் கேட்டுக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் கோப்பைகளைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தேன். விரல் இறங்கியது. எடுக்கவேயில்லை, மேசையில் ஒட்டிக்கொண்ட மாதிரி அப்படியே இருந்தது. பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி என் பக்கம் நீட்டினார்.

நான் கேட்டேன். மாஸ்டர் வாசிக்கிறார்: “உங்கள் அடுத்த சந்திப்பு வேறொரு நாளுக்கு மாற்றப்பட்டுள்ளது.” அதற்குப் பின்னால், வேறோர் அறையில், கதவைச் சாத்தும் முன் ஓர் ஆணின் குரல். மெதுவான, இனிமையான குரல். “மறுகா வாறன்.”

“இது யாரைக் காட்டுகிறது?” என்று கேட்டார்.

“மாஸ்டர் நிலக்கீழ் அறையை வாடகைக்குக் குடுத்திருக்கிறார். அந்த ஆளாயிருக்கும். கிழக்குப் பக்கத்து ஆள்.”

“அவ்வளவுதானா?”

“எனக்கு அவ்வளவுதான்.” அப்போதுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். “அந்தத் தோடம்பழக்காரனோ?”

தலையை மட்டும் அசைத்தார். பிறகு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் வெட்டுகிற மாதிரியே அதையும் வெட்டத் தொடங்கினார்.

“அவன்ர குரலையோ மறைக்கிறியள்?” என்றேன்.

“இதைப் பதிய அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை” என்றார். வெட்டிய பிறகு ஒரு தரம் போட்டுக் காட்டினார். குரல் இருந்த இடத்தில் மாஸ்டர் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. இனி உலகத்தில் அது எங்கள் இருவர் காதிலும் மட்டும்தான் இருந்தது.

மிச்சம் இருந்ததை அன்றைக்கே முடித்தார். தம்பி வந்ததும், “எல்லாம் சரி, வெளியே விடலாம். நன்றிப் பக்கத்தில் என் பெயர் வேண்டாம்” என்றார்.

“சரி சரி” என்று தம்பி தலையை ஆட்டிச் சிரித்தார்.

என்னிடம், “பிறகு சந்திப்போம்” என்றார். பிறகு என்ற சொல்லை, கண்ணாடிக் கோப்பையை மேசையில் வைக்கிற மாதிரிச் சொன்னார். கீழறைப் படிகளில் அவர் ஏறிப்போன சத்தம் கேட்டது. எனக்கு அவருடைய ஃபோன் இலக்கம் தெரியாது. தேவை என்றால் அவர்தான் எடுப்பார், தன் இலக்கம் என் ஃபோனில் விழாதபடி.

விழாவுக்கு முதல் நாள் தம்பி செயலியை என் ஃபோனுக்கு அனுப்பி, சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். என் குரலைக் கேட்க வெட்கப்பட்டு, நேரே கடைசியில் இருந்த நன்றிப் பக்கத்துக்குப் போனேன். பங்குத் தந்தை, மாஸ்டர், நான், மண்டபம் தந்தவர்கள். நடுவில் ஒரு பெயர். “எல்லாவற்றையும் சரிபார்த்துத் தந்தவர்” என்று போட்டு, முன்னெழுத்தோடு முழுப் பெயர். அவருடைய பெயரை அன்றைக்குத்தான் முதல்முதலாக வாசித்தேன், தம்பிக்கு அது எங்கே கிடைத்ததோ தெரியாது. அழகான பெயர். நாளைக்கு அது மண்டபச் சுவரில் பெரிதாக விழும், மாஸ்டரின் வீட்டு ஆட்கள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் தம்பிக்கு ஃபோன் எடுத்தேன்.

“என்னக்கா, நீங்களாய் ஃபோன் எடுக்கிறியள். இண்டைக்கு மழைதான்.”

“தம்பி, நன்றிப் பக்கத்தில ஒரு பேரை எடுக்க வேணும்.”

“உங்கடையையோ? வெக்கமோ?”

“என்ரை இல்லை. அவவின்ரை.”

“அதெப்பிடி அக்கா? அவ இல்லாட்டி நாங்கள் எத்தினை பேரைத் தெருவில விட்டிருப்பம். போனமுறை விழாவில ரோல்ஸ் பொரிச்ச அன்ரியின்ர பேரை மறந்துபோனன். அவ இண்டைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை.”

“அவ வேண்டாமெண்டு சொன்னவ.”

“எங்கட சனம் வேண்டாமெண்டா என்ன அர்த்தமெண்டு உங்களுக்குத் தெரியாதோ? அது அடக்கம் அக்கா. நாளைக்கு வந்து பாத்தா, உள்ளுக்குள்ள சந்தோசப்படுவா.”

காரணத்தைச் சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் தம்பி நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றபடியால் அன்றைக்கே மாஸ்டரிடம் கேட்பார், உங்கள் வீட்டில் யாரோ இருக்கிறாராமே, உண்மையா என்று. மாஸ்டரும் நல்ல மனிதர். நேரே கீழே இறங்கிப் போய் அந்த ஆளிடமே கேட்பார்.

“காரணம் சொல்ல ஏலாது. எடுங்கோ தம்பி.”

“காரணமில்லாமல் எப்பிடி அக்கா? நான் எடுக்கமாட்டன்.”

சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசிக்கத் தாள் ஒன்றும் என் கையில் இல்லை. “அப்ப என்ர குரலையும் எடுத்துப்போடுங்கோ” என்றேன்.

“என்னக்கா?”

“என்ர குரலை வெளியில விட வேண்டாம். நான் வேண்டாமெண்டு சொல்லுறன். எனக்கு இதுக்கு ஒரு அர்த்தம்தான்.”

“உங்கட குரல் இல்லாட்டி அரைவாசி ஊமை அக்கா.”

“ஓம்.”

“ரெண்டு வருசம் நித்திரை முழிச்சது.”

“தெரியும் தம்பி.”

“சரி” என்றார். மற்ற நாட்களில் ‘வைக்கிறன் அக்கா’ என்று சொல்லித்தான் வைப்பார். அன்றைக்குச் சொல்லவில்லை.

அடுத்த நாள் மண்டபம் நிறைந்திருந்தது. அவர் வரவில்லை. தம்பி என்னோடு பேசவில்லை. என் குரல் ஒலிபெருக்கிகளிலிருந்து வந்து, ஆஸ்பத்திரிச் சந்திப்பைப் பற்றி எல்லோருக்கும் சொன்னது, நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். கடைசியில் நன்றிப் பக்கம் சுவரில் விழுந்தது. தம்பி பெயரை எடுத்திருந்தார். கோபத்திலோ அவசரத்திலோ வரியை எடுக்கவில்லை. பெயர்களுக்கு நடுவில், ஓர் ஆள் எழுந்து போன கதிரை மாதிரி, வெற்று வரி ஒன்று கிடந்தது. வாசித்துக்கொண்டு வந்த தம்பி அந்த இடத்தில் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தார்.

ரோல்ஸ் கொடுக்கும் நேரம், மாஸ்டரின் மேசைப் பக்கம் பிள்ளைகள் கூடி நின்றார்கள். நடுவில் ஒரு மனிதர் கதிரையில் உட்கார்ந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். தோல் அறாமல் ஒரே சுருளாக வந்தது. சுளைகளைக் கடதாசித் தட்டில் வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். சுத்தமான உடுப்பு. வயதானவர்கள் வந்தால் எழுந்து இடம் விட்டார். ரோல்ஸ் அன்ரி அவரைப் பார்த்து, “இவரைப் போல ஒரு ஆம்பிளைப் பிள்ளை கிடைக்கக் குடுத்து வைக்க வேணும்” என்றார்.

நான் அங்கியை எடுக்கப் போனபோது அந்த மனிதர் பின்னால் வந்து நின்றார்.

“உங்கட குரல்தானே? நல்லா வாசிச்சிரிக்கிங்க.” அதே குரல். வெட்டி எறிந்த இடத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது. “ஒரு வரி வெறுமையா இரிக்கே தங்கச்சி. ஆருட பேரு அது?”

என் வாய் திறந்தது. வந்தது என் பேச்சு இல்லை. “அது வெறும் இடைவெளி. அங்கே யாரும் இல்லை” என்றேன்.

தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். சிரித்தார், நல்ல சிரிப்பு. “எந்த ஊர் நீங்க? பேச்சில ஒண்ணும் பிடிபடுதில்லையே.”

“நான் போக வேண்டும். நேரமாகிவிட்டது.”

“போங்க, போங்க.” என் அங்கியைக் கொளுக்கியிலிருந்து எடுத்து, நான் கை நுழைக்கப் பிடித்துக்கொண்டு நின்றார். “மறுகா கதைப்பம்.”

அடுத்த நாள் திங்கட்கிழமை. செயலியில் அந்த வெற்று வரியை எடுத்துவிட்டதாகத் தம்பி ஒரு வரிச் செய்தி அனுப்பியிருந்தார். நான் வேலைக்குப் போகக் கீழே இறங்கினேன். தெருவின் எதிர்ப்பக்கத்தில் அந்த மனிதர் நின்றார், கையில் ஒரு பை இருந்தது. பஸ் வந்தது, ஏறிப் போனேன்.